சம்பளம் உண்டு, ஊழியர் இல்லை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் என்னதான் பிரச்சினை?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மத் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணியில் இருந்த சிலர், கைச்செலவுக்காகக் கல்லூரி மெஸ்ஸில் வேலை பார்த்தார்கள். மெஸ்ஸில் வேலை செய்யும் மாணவர்களுக்கு அங்கே தொழிற்சங்கம் உண்டு. நிர்வாகத்துடன் பேசி மணிக்கு 21 டாலர் கூலி வாங்கிக் கொடுத்த சங்கம் அது. அதாவது மெஸ்ஸில் நிற்கும்போது அவர்கள் ஊழியர்கள். அதே நாள் சாயங்காலம் ஜெர்சி போட்டுக்கொண்டு கோர்ட்டில் இறங்கினால், வெறும் மாணவர்கள்.

அதே கல்லூரி, அதே பையன். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வியோடு அவர்கள் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்துக்குப் போனார்கள். 2024 பிப்ரவரியில் வாரியத்தின் மண்டல அதிகாரி, 'இவர்கள் ஊழியர்கள்தான்' என்று தீர்ப்பு சொன்னார். மார்ச் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில் 13-க்கு 2 என்ற கணக்கில் சங்கம் வென்றது. ஆனால் கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வரவே மறுத்துவிட்டது. ஆட்சி மாறுகிறது, வாரியமும் மாறும், பாதகமான தீர்ப்பு வந்தால் மற்ற கல்லூரி வீரர்களையும் அது பாதிக்கும் என்ற நிலையில், 2024 டிசம்பர் 31 அன்று மனு வாபஸ் பெறப்பட்டது.

இதற்கு அடுத்த ஆண்டே ஒரு திருப்பம். 2025 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. சில்லறை இல்லை, கோடிகளில். 'கல்லூரிப் பசங்களுக்கு இவ்வளவு காசா?' என்ற தலைப்பில் ரீல்ஸ்கூட உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். ஆனால் டார்ட்மத் மாணவர்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பணம் வந்துவிட்டது, 'ஊழியர்' என்ற சொல் மட்டும் வரவில்லை.

அந்த ஒரு சொல்லில் அப்படி என்ன இருக்கிறது? கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், இது நம்ம ஊர் காலேஜ் டீம் மாதிரி இல்லை

நமக்குக் கல்லூரி விளையாட்டு என்றால் இன்டர்-காலேஜ் மீட், பல்கலைக்கழகப் போட்டி, கேலரியில் உட்கார்ந்து கத்தும் நண்பர்கள். அமெரிக்காவில் அது ஒரு பெரிய தொழில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சேப்பாக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். (அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். நாம் பார்க்கும் கால்பந்து அல்ல.)

ஆண்கள் கூடைப்பந்தில் 'மார்ச் மேட்னஸ்' என்றொரு தொடர் ஆண்டுதோறும் நடக்கிறது. அதன் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்க சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2016-ல் ஒப்புக்கொண்ட தொகை 880 கோடி டாலர். எட்டு ஆண்டுகளுக்கு. அப்படியென்றால் ஆண்டுக்கு 110 கோடி டாலர்.

பயிற்சியாளர்கள்? பல மாநிலங்களில் அரசிடம் அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநரோ, தலைமை நீதிபதியோ இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்து கோச். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கியது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால், 'வேலை செய்யாமல் இருப்பதற்கு' அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 630 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தப் பணம் எல்லாம் சுற்றிச்சுற்றி வந்தாலும், 2021 வரை களத்தில் ஆடியவர்களுக்குக் கிடைத்தது முக்கியமாகக் கல்வி உதவித்தொகைதான். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம். அதற்கு மேல் ஒரு ஷூ விளம்பரத்தில் நடித்தாலோ, காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ தடை. இந்த விதிகளைப் போட்டுக் காத்து வந்த அமைப்பு என்சிஏஏ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உறுப்பினர்கள்.

'பிடிக்கலைன்னா நேரா புரொஃபஷனல் லீக்குக்குப் போயிட வேண்டியதுதானே?' என்று தோன்றலாம். நம்மிடம் அது முடியும். வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் ராயல்ஸ் 1.10 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தபோது அவருக்கு வயது 13. அங்கே முடியாது. என்எஃப்எல் லீக்கில் சேர, பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். என்பிஏ-வுக்கு ஓராண்டு. இடைப்பட்ட காலத்தில் ஃபுட்பால் வீரருக்குக் கல்லூரியைத் தவிர வேறு பெரிய வழி கிடையாது. அப்படிக் காத்திருந்தாலும், கல்லூரி ஃபுட்பால் வீரர்களில் என்எஃப்எல் வரை போவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்ற 98 பேருக்கு, கல்லூரி நாட்கள்தான் அவர்களுடைய மொத்த விளையாட்டு வாழ்க்கை.

'மாணவ வீரர்': ஒரு சொல்லின் கதை

இதைத் தெரிந்துகொண்டால் மீதிச் சண்டை எல்லாம் சுலபமாகப் புரியும்.

1955. கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறிய கல்லூரி. ரே டென்னிசன் என்ற மாணவர் அதன் ஃபுட்பால் அணியில் ஆடினார். ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய மனைவி, வேலையின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டைக் கேட்டு வழக்குப் போட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, எனவே அவர் தொழிலாளி இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தக் காலகட்டத்தில்தான் 'ஸ்டூடண்ட்-அத்லெட்', அதாவது 'மாணவ வீரர்' என்ற சொல் பரவலானது. யார் உருவாக்கியது? என்சிஏஏ-வின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ் 1951 முதல் 1987 வரை அந்தப் பதவியில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு 1995-ல் எழுதிய புத்தகத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு வீரர்களை நீதிமன்றங்கள் ஊழியர்கள் என்று அறிவித்துவிடுமோ என்ற பயத்தில், அதற்கு அரணாக உருவாக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. விதிப் புத்தகம் முழுக்க அதையே போட்டார்கள். பத்திரிகைகளும் டிவியும் அப்படியே எடுத்துக்கொண்டன.

இந்தச் சொல் பின்னாளில் எப்படி வேலை செய்தது என்பதற்கு கென்ட் வால்ட்ரெப்பின் வழக்கு உதாரணம். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக வீரரான அவர், 1974 அக்டோபரில் அலபாமா அணிக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தார். சில மாதங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகம் மருத்துவச் செலவை நிறுத்திக்கொண்டது. 1993-ல் அவருக்கு இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2000-ல் டெக்சாஸ் நீதிமன்றம், அவர் ஊழியர் அல்ல என்று முடித்துவைத்தது. அடிபட்டு 26 ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது.

கோர்ட் படிகளில் கழிந்த 16 ஆண்டுகள்

என்சிஏஏ கோட்டையில் விரிசல் விழுந்தது ஒரு வீடியோ கேமால். எட் ஓபேனன், 1995-ல் யுசிஎல்ஏ அணியோடு கோப்பை வென்ற கூடைப்பந்து வீரர். பல ஆண்டுகள் கழித்து இஏ ஸ்போர்ட்ஸ் கேம் ஒன்றில் தன்னையே பார்த்தார். அதே உயரம், அதே ஜெர்சி எண், அதே இடதுகை ஷாட். பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன், என்சிஏஏ-வின் விதிகள் போட்டிச் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார்.

அடுத்து ஷான் ஆல்ஸ்டன் வழக்கு. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படிப்பு சார்ந்த உதவிகளுக்கு உச்சவரம்பு வைக்க முடியாது என்பதுதான் தீர்ப்பு; பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் நீதிபதி பிரெட் கவனா தனியாக எழுதிய கருத்து எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. சந்தை விலைக்குச் சம்பளம் தர மாட்டோம் என்று நிறுவனங்கள் கூடிப் பேசி முடிவெடுப்பது வேறு எந்தத் தொழிலிலும் சட்டவிரோதம், கல்லூரி விளையாட்டுக்கு மட்டும் எப்படி விலக்கு தர முடியும் என்பதுதான் அவர் கேட்டதன் சுருக்கம்.

இன்னொரு பக்கம் 2019-லேயே கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. வீரர்கள் தங்கள் பெயர், படம், அடையாளத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றது அது. மற்ற மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர, 2021 ஜூலை 1 முதல் நாடு முழுக்க இது அனுமதிக்கப்பட்டது. இதைத்தான் சுருக்கமாக 'என்ஐஎல்' என்கிறார்கள். ஓபேனன் வழக்கால் நின்றுபோன அந்த கேம் 2024-ல் திரும்பி வந்தபோது, அதில் இடம்பெற்ற வீரர்கள் ஒவ்வொருவருக்கும் 600 டாலர் கொடுத்தார்கள்.

விளம்பரத்துக்கான பணம் என்று தொடங்கியது சீக்கிரமே வேறு வடிவம் எடுத்தது. பணக்கார முன்னாள் மாணவர்களும் ரசிகர்களும் 'கலெக்டிவ்' என்ற பெயரில் நிதி திரட்டி, நல்ல வீரர்களைத் தங்கள் கல்லூரிக்கு இழுத்தார்கள். கூடவே கல்லூரி மாறும் விதிகளும் தளர்ந்தன. முன்பு பெரிய விளையாட்டுகளில் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆட முடியாது. 2021-ல் ஒருமுறை மாறலாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. அந்தப் பட்டியலுக்கு 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்று பெயர். ஐடி கம்பெனியில் ஆஃபர் லெட்டரைக் காட்டி இன்னொரு கம்பெனிக்குத் தாவுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

2025 ஒப்பந்தம்: யாருக்கு எவ்வளவு?

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கு 2025 ஜூன் 6 அன்று சமரசத்தில் முடிந்தது. ஒப்புதல் தந்தவர் அதே நீதிபதி வில்கன். முக்கிய அம்சங்கள் இவை:

• 2016 முதல் ஆடி, சம்பாதிக்கும் வாய்ப்பை இழந்தவர்களுக்கு சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 10 ஆண்டுகளில் தர வேண்டும்.

• 2025 ஜூலை 1 முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். நம் கணக்கில் 174 கோடி ரூபாய்.

• வெளியிலிருந்து 600 டாலருக்கு மேல் வரும் விளம்பர ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும். அவை உண்மையான விளம்பரமா, சும்மா பேருக்குப் போட்டதா என்று ஒரு தனி அமைப்பு சரிபார்க்கும்.

• உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு 105 பேர்.

இதில் என்ன இல்லை என்று கவனித்தீர்களா? வீரர்கள் ஊழியர்கள் என்று எங்குமே சொல்லப்படவில்லை. அந்த 2.05 கோடி என்ற உச்சவரம்பும் வீரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. என்எஃப்எல், என்பிஏ இரண்டிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் அங்கே வீரர்கள் சங்கம் பேரம் பேசிக் கையெழுத்துப் போடுகிறது. கல்லூரி வீரர்களுக்கு மேசையில் நாற்காலியே இல்லை.

அப்போ எல்லாருக்கும் லாபமா?

இல்லை. பெரும்பாலான பெரிய கல்லூரிகள் பணத்தைப் பிரிப்பதற்குப் பின்பற்றும் உத்தேசக் கணக்கு, செய்திகளில் அடிக்கடி அடிபட்டது: ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 சதவீதம், பெண்கள் கூடைப்பந்துக்கு 5 சதவீதம், மீதி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 5 சதவீதம்.

'வருமானம் எங்கிருந்து வருதோ அங்கேதானே போகும்?' என்பது ஒரு வாதம். ஆனால் அமெரிக்காவில் 'டைட்டில் 9' என்ற 1972-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது அதன் அடிப்படை. இந்தப் பங்கீட்டுக்கும் அது பொருந்துமா? 2025 ஜனவரியில் பைடன் அரசு பொருந்தும் என்றது. பிப்ரவரியில் டிரம்ப் அரசு அந்த வழிகாட்டுதலை வாபஸ் வாங்கியது. பழைய இழப்பீட்டுத் தொகையில் பெரும்பகுதி ஆண்களுக்கே போகிறது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

வருமானம் என்பதும் தானாக வருவதில்லை. 2021 தொடரில் ஆண்கள் அணிகளுக்கு முழு ஜிம்மும், பெண்கள் அணிகளுக்கு ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்டும் கொடுத்ததை ஒரு வீராங்கனை வீடியோ எடுத்துப் போட, அது உலகம் முழுக்கப் பரவியது. 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைப் பெண்கள் தொடருக்குப் பயன்படுத்தவே 2022 வரை அனுமதி இல்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2024 பெண்கள் இறுதிப்போட்டியை 1.8 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்கள் 1.5 கோடிக்கும் குறைவு. கடை வாசலையே திறக்காமல், வியாபாரம் ஆகவில்லை என்று சொன்ன கதை அது.

அடுத்த அடி சிறிய விளையாட்டுகளுக்கு. ஃபுட்பாலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமென்றால் எங்கிருந்தாவது வெட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல், டைவிங் அணிகளையே கலைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று இந்த ஒப்பந்தத்தின் நிதிச்சுமை. ஒரு நீச்சல் வீரர் பெயரில் நடந்த வழக்கு, நீச்சல் அணிகளுக்கே வினையானது. அமெரிக்க ஒலிம்பிக் அணியில் பெரும்பாலானவர்கள் கல்லூரி அணிகளில் வளர்ந்தவர்கள். பாரிஸில் பிரான்சுக்காகத் தனிநபர் பிரிவில் நான்கு தங்கம் வென்ற லியோன் மார்ஷான்கூட அரிசோனா ஸ்டேட்டில் நீந்தியவர்தான். எனவே இந்த வெட்டு எங்கே போய் வலிக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பயணமும் ஒரு சுமை. டிவி பணத்துக்காக 2024-ல் யுசிஎல்ஏ, யுஎஸ்சி போன்ற மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் 'பிக் டென்' குழுவுக்கு மாறின. அந்தக் குழுவில் கிழக்குக் கரையின் ரட்கர்ஸும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அங்கே போக சுமார் 3,900 கிலோமீட்டர். சென்னை-டெல்லி விமான தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஃபுட்பால் அணி வாரம் ஒரு ஆட்டம்தான் ஆடும். அதே குழுவில் ஆடும் வாலிபால் பெண்கள் வாரநாளில் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து தேர்வு எழுத வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. மூன்று வாதங்கள் முக்கியம்.

ஒன்று, இலவசப் படிப்பு சின்ன விஷயமில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். கல்விக் கடனில் பல லட்சம் பேர் மூழ்கும் நாட்டில், கடனில்லாத பட்டம் பெரிய சொத்து. உண்மைதான். ஆனால் அந்தப் படிப்பு உண்மையான படிப்பாக இருக்க வேண்டுமே. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காமல் மதிப்பெண் போட்ட பாடங்களை 3,100-க்கும் அதிகமான மாணவர்கள் எடுத்திருந்தது 2014-ல் வெளியான விசாரணை அறிக்கையில் தெரியவந்தது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள்.

இரண்டு, எல்லாக் கல்லூரிகளும் மிச்சிகன் இல்லை. விளையாட்டில் லாபம் பார்ப்பவை சில டஜன் கல்லூரிகள்தான். மற்றவை கல்லூரி நிதியிலிருந்தும், சாதாரண மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தும் எடுத்துச் செலவு செய்கின்றன. எல்லாரையும் ஊழியர் ஆக்கினால் சின்னக் கல்லூரிகள் அணிகளை மூடிவிடும் என்கிறார்கள். இதுதான் இருப்பதிலேயே வலுவான வாதம்.

மூன்று, ஊழியர் என்றால் வேலையை விட்டு நீக்கவும் முடியும், வரி கட்டவும் வேண்டும். 'ஒரு ஷாட் மிஸ் ஆனா டிஸ்மிஸ் பண்ணுவீங்களா?' என்ற பயம் வீரர்களிலேயே சிலருக்கு உண்டு. ஆனால் ஆட்டம் சரியில்லாத மாணவரை அணியிலிருந்து ஓரங்கட்டுவது ஏற்கெனவே நடப்பதுதான். ஊழியருக்காவது முறையிட ஒரு வாரியம் இருக்கும்.

சரி, 'ஊழியர்' என்றால் என்ன கிடைக்கும்?

பணத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது. நட்சத்திர வீரருக்கு இந்தச் சொல் தேவையே இல்லை. அவருக்கு ஏஜென்ட் இருக்கிறார், விளம்பரம் இருக்கிறது. தேவைப்படுவது அணியின் 60-வது, 70-வது வீரருக்கு.

வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும் உரிமையாகக் கிடைக்கும். வேலை நேரம், பயண நாட்கள், பயிற்சி முறை பற்றிச் சங்கம் வைத்துப் பேச முடியும். பாதுகாப்பு விதிகள் மீறப்பட்டால் அரசு அமைப்பிடம் புகார் செய்ய முடியும். டார்ட்மத் மாணவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானதே மருத்துவச் செலவுதான். அந்தக் கல்லூரி இருக்கும் ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகைகூடக் கிடையாது.

என்சிஏஏ எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் முதல், விளையாட்டில் ஏற்பட்ட காயங்களுக்குக் கல்லூரி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை காப்பீடு தருகிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் முழங்கால் தேய்மானமும், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதன் விளைவும் 24 வயதில் வருவதில்லை. 40, 50 வயதில் வரும். அமைப்பு மனது வைத்துத் தரும் சலுகைக்கும், சட்டம் தரும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும். சலுகையை அடுத்த பட்ஜெட்டில் குறைக்கலாம்.

இங்கிருந்து போகும் மாணவர்களுக்கு?

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் வெளிநாட்டு மாணவர்கள் 20,000-க்கும் மேல். டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 என இரண்டு முறை என்சிஏஏ பட்டம் வென்றவர். 2022 காமன்வெல்த் போட்டியில் நமக்கு வெண்கலம் கொண்டுவந்தவரும் அவர்தான். டென்னிஸ், தடகளம், நீச்சல், கோல்ஃப் விளையாடும் பிள்ளைகளை அங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோர் இப்போது அதிகம்.

அவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மாணவர்களில் பெரும்பாலானோர் போவது எஃப்-1 விசாவில். அதில் வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடு. கேம்பஸுக்குள், வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். சக வீரர் விளம்பரத்தில் சம்பாதிக்கும்போது, அதே அணியின் வெளிநாட்டு மாணவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராக இரண்டு முறை தேர்வான கனடாவின் சாக் ஈடீக்கே இந்த நிலைதான். கென்டக்கியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ஷீப்வே, அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். அமெரிக்க மண்ணில் செய்தால் விசாவுக்கு ஆபத்து என்பதால்தான் இந்தச் சுற்று.

கல்லூரியே பணம் தந்தாலும் அதை வாங்கலாமா என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. 'ஊழியர்' என்ற அந்தஸ்து வந்தால் விசா விதிகள் அதற்கேற்ப மாறாதவரை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தலைவலி கூடலாம். ஆகவே ஆஃபர் வந்தால் கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது:

• உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுகளுக்கா? காயம் பட்டு ஆட முடியாமல் போனால் தொடருமா?

• பயிற்சியாளர் மாறினாலும் இடம் உறுதியா? அணி எண்ணிக்கை வரம்பில் இடம் உண்டா?

• காயத்துக்கான மருத்துவச் செலவு யாருடையது? படிப்பு முடிந்த பிறகு எத்தனை ஆண்டுகள்?

• அந்த விளையாட்டையே கல்லூரி நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

• பணம் தருவதாகச் சொன்னால், அதை விசா வழக்கறிஞர் பார்த்தாரா?

இனி என்ன?

மூன்று இடங்களில் பந்து உருள்கிறது. முதலாவது நீதிமன்றம். வில்லனோவா பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஃபுட்பால் வீரர் டிரே ஜான்சன் தொடர்ந்த வழக்கில், கல்லூரி வீரர்கள் கூலிச் சட்டத்தின்படி ஊழியர்களாக இருக்கக்கூடும், 'மாணவ வீரர்' என்ற பெயரை மட்டும் காட்டி அதை மறுக்க முடியாது என்று 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கைக் கீழமை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

இரண்டாவது நாடாளுமன்றம். 2025-ல் அறிமுகமான 'ஸ்கோர்' மசோதா, என்சிஏஏ-வுக்குப் போட்டிச் சட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரவும், வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்று சட்டத்திலேயே எழுதவும் முயல்கிறது. மூன்றாவது வெள்ளை மாளிகை. 2025 ஜூலை 24 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு, வீரர்களின் அந்தஸ்தைத் தெளிவுபடுத்தும்படி தொழிலாளர் துறையையும் வாரியத்தையும் கேட்டுக்கொண்டது.

இந்த மூன்றிலும் பேசப்படுவது ஒரே விஷயம்: அந்தச் சொல்லை எழுதுவதா, வேண்டாமா. 18 வயதுப் பையனுக்கு இத்தனை கோடி என்று அடுத்த முறை தலைப்பு ஓடும்போது, தொகைக்குக் கீழே கொஞ்சம் படித்துப் பாருங்கள். காயம் பட்டால் யார் பணம் கட்டுவார்கள் என்று அந்தச் செய்தியில் இருக்கிறதா? 1955-ல் கொலராடோவில் ஒரு பெண் கேட்டது அதைத்தான்.